இல்லாததத் தேடுனா மட்டும் எல்லையத் தாண்டுன லூப்பு

அரேல, அதாவது மதிப்ப வரிசையா அடுக்கி வெச்சிருக்க பட்டியல்ல, ஒண்ணத் தேடுத கோடுல பக் (தப்பு) இருந்துச்சுன்னா அது முக்காவாசி தேடுனது கெடைக்காத எடத்துலதான் இருக்கும், இத ரொம்ப நாளா நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். கெடைச்சிட்டா லூப்பு (ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே திரும்பத் திரும்ப ஓடுத கோடு) நடுவுலயே நின்னுரும், கடைசி வரைக்கும் போவவே போவாது, அதனால கடைசியில என்ன கோளாறு இருந்தாலும் வெளிய தெரியாது. இல்லாததத் தேடும்போதுதான் லூப்பு கடைசி எலிமென்ட்டையும் பாத்துட்டு 'இதுக்கு மேல எதுவுமில்ல, நில்லு'ன்னு ஒரு முடிவு எடுக்கணும். நாங்க எழுதிக்கிட்டு இருக்க கம்பைலர் (நாம எழுதுத புரோகிராம மெஷின் கோடா மாத்துதது) அந்த முடிவு எடுக்குத எடத்தையே மொத்தமா தூக்கிட்டு. தூக்குனதுக்கு அதுக்குள்ள ஒவ்வொரு பாஸ்கிட்டயும் (கோடக் கட்டம் கட்டமா மாத்துத பகுதி) சரியான காரணமும் இருந்துச்சு, அதான் இதுல என்னைய ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம், அதனால முழுசா எழுதுதேன், நீளமாத்தான் போவும்.

நாங்கன்னா நானும் தென்காசில இருக்க என் கூட்டாளியும், அப்பப்ப வந்து சேந்துக்கிடுத காலேஜ் பசங்க கொஞ்சப் பேரும். சின்ன மொழிதான், எழுதும்போது பைத்தான் மாதிரி லேசா இருக்கும், ஆனா நேரா மெஷின் கோடா மாறி ஓடும். அதுல நாங்க குடுத்திருக்க ஒரே பெரிய வாக்கு என்னன்னா அரேக்கு வெளிய இருக்க மெமரிய ஒரு நாளும் படிக்காதுங்கறது. சி-ல 365 எலிமென்ட் இருக்க அரேல போயி 365-ஆம் நம்பரக் கேட்டா (0-ல இருந்து எண்ணுனா கடைசி 364தான்) அது பாட்டுக்குப் பக்கத்துல கெடக்கத எடுத்துக் குடுத்துரும். எங்க மொழில ஒவ்வொரு தடவையும் அரேயோட நீளத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் படிக்கும், தாண்டுச்சுன்னா எர்ரர் சொல்லி நின்னுரும். இந்தச் செக்கு லூப்போட ஒவ்வொரு சுத்துலயும் ஓடுனா வேகம் அடிபடும்லா, அதனால தேவையில்லாத செக்கக் கண்டுபிடிச்சி நீக்குததுக்குன்னே ஒரு பாஸ் இருக்கு. இது ஒண்ணும் புதுசு இல்ல, 2000-லயே போடிக், குப்தா, சர்க்கார்னு மூணு பேரு ஏபிசிடின்னு பேரு வெச்சி இதுக்கு ஒரு அருமையான அல்காரிதம் வெளியிட்டாங்க, எங்க பாஸும் அந்த வழிலதான் எழுதுனது.

இத வெளிய கொண்டு வந்தது அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து வார ஒரு பொண்ணு, இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கா. அவ அப்பாவுக்கு மணிமுத்தாறு பெருங்கால் பாசனத்துல வயல். நம்ம ஊர் ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம், பேப்பர்ல தெனமும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறுன்னு நீர்மட்டம் போடுவாங்க, பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடின்னு முழுக் கொள்ளளவு எல்லாருக்கும் மனப்பாடம். மணிமுத்தாறு வடகிழக்குப் பருவமழைய நம்பி இருக்க அணை, அது எப்ப நெறையுதுங்கறதப் பொறுத்துதான் அந்தப் பக்கம் பிசான நெல் சாகுபடி எப்படிப் போவும்னு கணக்குப் போடுவாங்க. இந்தப் பொண்ணு பழைய மட்டத்தையெல்லாம் சேத்து வருஷத்துக்கு ஒரு அரேயா டைப் பண்ணி வெச்சிட்டு, எந்தெந்த வருஷம் எந்தத் தேதில அணை மொதமொதல்ல 118-ஐத் தொட்டுச்சுன்னு எங்க மொழில ஒரு புரோகிராம் எழுதியிருக்கா. தேடுத பகுதி இவ்வளவுதான்:

    ஐ = 0
    ஐ < நீளம், மட்டம்[ஐ] < 118 ரெண்டும் நெசமா இருக்க வரைக்கும்:
        ஐ = ஐ + 1
    ஐ < நீளம்னா ஐ-யக் குடு, இல்லன்னா -1 குடு

இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. எவ்வளவு நெறைய பேரு எவ்வளவு நெறைய தடவை எழுதியிருக்க லூப்பு இது. அவ ஃபோன் பண்ணா. (ஓ2-ன்னா வேகத்துக்காகக் கோட மாத்துத பாஸெல்லாம் ஓடும், ஓ0-ன்னா அதெல்லாம் ஓடாது.)

"அண்ணே, ஓ2 போட்டு கம்பைல் பண்ணா ஒரு வருஷத்துக்கு மட்டும் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது, அதுவும் அடுத்த வருஷத்து ஜனவரி ஒண்ணு."

"மழை பிந்திப் பெஞ்சிருக்கும்லா, மார்கழிக் கடைசில கூட நெறையும்லாமா?"

"நானும் அப்படித்தாம்ணே நெனச்சேன். அப்பாட்ட காட்டுனேன், பாத்த ஒடனே, 'ஏட்டி, அந்த வருஷம் அணை நெறையவே இல்ல, நாம பிசானமே போடலல்லா'ன்னு சொல்லிட்டாங்க. பெறவு ஓ0-ல ஓட்டிப் பாத்தேன், நெறையலன்னு சரியா வருது."

அந்த அப்பாவுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன், இத மனசாரச் சொல்லுதேன். ஏன்னா அந்தப் பதில் பாக்குததுக்கு நம்புத மாதிரி இருந்துச்சு. புரோகிராம் செத்து விழுந்தா யாரும் கவனிப்பாங்க, நெகட்டிவ்ல ஒரு நம்பர் வந்தாலும் கவனிப்பாங்க, ஆனா டிசம்பர் முடிஞ்ச மறுநாள் அணை நெறைஞ்சதுன்னு ஒரு பட்டியல்ல வந்தா யாரு சந்தேகப்படுவா? வயல்ல எறங்கி நின்ன ஆளுக்குத்தான் அது பொய்னு தெரியும். கம்பைலர் பக்ல ரொம்ப மோசமான வகை இதுதான், புரோகிராம் எழுதுனவங்க மேல ஒரு தப்பும் இல்லாம, எந்தச் சத்தமும் இல்லாம, நம்புத மாதிரி ஒரு தப்பான பதில்.

கூட்டாளிட்ட சொன்னேன். அவன் புரோகிராமப் பாத்துட்டு, "மாப்ள, 0-ல இருந்து எண்ணுனா 365-ங்கறது அரேயோட நீளம்லா. அப்ப லூப்பு ஒழுங்கா கடைசி வரைக்கும் போயி நின்னுருக்கு, கடைசில இருக்க இஃப்பு மட்டுந்தான் தப்பா மடங்கியிருக்கு, அங்க பாரு"ன்னான். கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு, லூப்பு சரி, பின்னாடி இருக்க ஒப்பீடு மட்டும் எப்பவும் நெசம்னு மாறிப்போச்சுன்னா -1 வராம 365தான் வரும். ஆனா லூப்புக்கு உள்ள இருக்கதும் வெளிய இருக்கதும் அதே 'ஐ < நீளம்'தானே, வெளிய இருக்கது மடங்குனா உள்ள இருக்கது மட்டும் எப்படித் தப்பிச்சிதுன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. அதனால அவளோட புரோகிராம்ல 118-ஐ எடுத்துட்டு 400-னு போட்டு ஓட்டுனோம். 118 அடி மணிமுத்தாறு 400 அடிக்கு நெறையவே முடியாது, எல்லா வருஷமும் -1 வரணும். செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியத் தொட்டு புரோகிராம் செத்துட்டு.

அப்ப லூப்பு நிக்கவே இல்ல, அரேயத் தாண்டி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பெறவு 118-க்கு மட்டும் ஏன் சரியா 365-ல நின்னுச்சுன்னா, எங்க மொழில ஒவ்வொரு அரேக்கு முன்னாடியும் 8 பைட்ல அதோட நீளத்த எழுதி வெப்போம், அதுக்குப் பின்னாடிதான் எலிமென்ட்டெல்லாம் ஒவ்வொண்ணும் 8 பைட். வருஷ அரேயெல்லாம் மெமரில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்கி இருக்கு. லூப்பு 364-ஐத் தாண்டி 365-ஆம் எடத்தப் படிச்சா அங்க இருக்கது அடுத்த வருஷ அரேயோட நீளம், அதாவது 365-ங்கற எண், லீப் வருஷம்னா 366. 365 அடி 118 அடிய விடப் பெருசுதானே, அணை நெறைஞ்சிட்டுன்னு லூப்பு நின்னுட்டு. 400-ஐத் தேடும்போது அந்த எண்ணும் தடுக்கல, மத்த மட்டமும் தடுக்கல, மெமரிப் பக்கம் முடியுத வரைக்கும் ஓடி விழுந்துட்டு.

இத ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும். பழைய காலத்துல இருந்தே தேடுததுல சென்டினல்னு ஒரு முறை உண்டு, அரேயோட கடைசிக்கு அடுத்த எடத்துல தேடுத மதிப்பையே வேணும்னே எழுதி வெச்சிட்டா லூப்பு எப்படியும் அங்க நின்னுரும், ஒவ்வொரு சுத்துலயும் எல்லையச் செக் பண்ண வேண்டாம், பெறவு நின்ன எடம் கடைசியான்னு மட்டும் பாத்தாப் போதும். இங்க எங்களோட நீளத்த எழுதி வெக்கித முறை யாரும் நெனைக்காமலே சென்டினல் வேலை பாத்துட்டு, அதுவும் சரியா நீளத்துக்குச் சமமான எடத்துலயே நிறுத்தி, லூப்பு ஒழுங்கா முடிஞ்ச மாதிரியே காட்டிட்டு. மெமரித் தப்பக் கண்டுபிடிக்குத வால்கிரைண்ட் போட்டுப் பாக்கலையான்னு கேப்பீங்க, அதோட மெம்செக் ஹீப்ல (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்குத எடம்) வாங்குன மெமரியத் தாண்டுனாக் கண்டுபிடிக்கும், இப்படி ஸ்டாட்டிக்கா ஒட்டி ஒட்டி அடுக்கி இருக்க அரேல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுனா அதுக்குத் தெரியாது, ரெண்டுமே புரோகிராமுக்குச் சொந்தமான மெமரிதான.

இனி கம்பைலருக்கு உள்ள. ஓ2-ல பாஸ் நெறைய இருக்கு, எதுல கெட்டுதுன்னு கண்டுபிடிக்க ஒவ்வொண்ணா அணைச்சி அணைச்சிப் பாக்குதது சரியான வழி இல்லன்னு நெனைக்கேன், ஒண்ண அணைச்சா அடுத்த பாஸுக்குப் போற கோடே வேற மாதிரி மாறிப்போவும், பக் மறைஞ்சிரும், இதுதான் காரணம்னு தப்பா முடிவு பண்ணிருவோம். எல்எல்விஎம்ங்கற பெரிய கம்பைலர்ல ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மொதல்ல இருந்து இத்தனாவது பாஸ் வரைக்கும் ஓடு, அதுக்கு மேல நிறுத்துன்னு சொல்லலாம், பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா எந்த எடத்துல நல்ல பதில் கெட்ட பதிலா மாறுதுன்னு பிடிச்சிரலாம். அதே மாதிரி ஒண்ண எங்களுக்கும் எழுதி வெச்சிருந்தோம். அதோட எங்க இடைநிலைக் கோட (நாம எழுதுனதுக்கும் மெஷின் கோடுக்கும் நடுவுல இருக்க வடிவம்) நேரா ஓட்டிப் பாக்குத ஒரு சின்ன இன்டர்பிரட்டரும் இருக்கு, அதனால ஒவ்வொரு பாஸுக்குப் பின்னாடியும் நிறுத்தி ஓட்டிப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி அவ புரோகிராமச் சுருக்குனோம், தேதியா மாத்துதது, பட்டியல் போடுதது எல்லாத்தையும் உருவிட்டு, மூணே எலிமென்ட் இருக்க அரே, அதுல இல்லாத ஒண்ணத் தேடு, அவ்வளவுதான், அதுலயும் பக் நின்னுச்சு. சுருக்காம பக்கத் தேடுதவங்கள எனக்குப் புரியவே மாட்டேங்கு, மெஷின் கோடு ஒரு ஸ்கிரீனுக்குள்ள அடங்குனாத்தான மூளைக்குள்ளயும் அடங்கும்.

நல்ல பதில் கெட்டதா மாறுன எடம் கிளை மடக்குத பாஸ், அதாவது ஒரு கண்டிஷன் எப்பவும் நெசம்தான்னு தெரிஞ்சா அந்தக் கண்டிஷனையே எடுத்துருத பாஸ். அது 'ஐ < நீளம்' எப்பவும் நெசம்னு நம்பி, லூப்புல இருந்ததையும் லூப்புக்கு வெளிய இருந்ததையும் சேத்து மடக்கிட்டு. கூட்டாளி கேட்ட 'உள்ள இருக்கது சரி'ங்கறதும் அதோட போச்சு. ஆனா அந்தப் பாஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, அதுக்குக் கெடைச்ச தகவல்ல ஐ-யோட வீச்சு 0-ல இருந்து நீளம் கழித்தல் 1 வரைக்கும்னு தெளிவா எழுதியிருந்துச்சு. அப்ப அந்தத் தகவல யாரு எழுதுனா?

இங்கதான் நல்லா கவனிக்கணும். இந்த மாதிரி கம்பைலருக்குள்ள ஒரு வேரியபிளுக்கு மதிப்பு மாறும்போதெல்லாம் புதுப்பேரு குடுப்போம், அதான் எஸ்எஸ்ஏ. லூப்போட தலைல இருக்க ஐ-க்கு ஐ2-ன்னு பேருன்னு வெச்சுக்கிடுங்க, அது ஒண்ணு 0-ஆ இருக்கும், இல்லன்னா போன சுத்துல ஒண்ணு கூட்டி வந்ததா இருக்கும். அதோட வீச்சு 0-ல இருந்து நீளம் வரைக்கும், நீளத்துக்குச் சமமாவும் இருக்கலாம், அப்படி ஆவும்போதுதான லூப்பு முடியும். இப்ப 'ஐ2 < நீளம்'னு கேட்டு, ஆமாங்கற பக்கம் உள்ள போனா, அங்கன ஐ நிச்சயமா நீளத்த விடச் சின்னது. மதிப்பு மாறல, ஆனா அதப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கூடிட்டு. அதனால ஏபிசிடி முறைல உள்ள நுழைஞ்ச ஒடனே அதே மதிப்புக்கு ஐ3-ன்னு இன்னொரு பேரு வெப்பாங்க, பை நோடும்பாங்க அத. ஐ3-யோட வீச்சு 0-ல இருந்து நீளம் கழித்தல் 1. மட்டம்[ஐ3]-ன்னு படிக்கும்போது எல்லைச் செக்கு தேவையில்ல, எடுத்துரலாம். இது வரைக்கும் எல்லாம் சரி, அழகான வேலை.

அடுத்து காப்பிய நீக்குத பாஸ் வருது. ரெண்டு பேருக்கு ஒரே மதிப்புன்னா ஒரு பேர ஒழிச்சிட்டு இன்னொண்ணையே எல்லா எடத்துலயும் போட்டுரும். ஐ2-வும் ஐ3-யும் ஒரே மதிப்புதான், ரெண்டையும் வெச்சிருந்தா ரிஜிஸ்டர் (சிப்புக்குள்ள இருக்க சின்ன சேமிப்பு எடம்) வீணாவும்னு கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் பை நோடையும் வெறும் காப்பியாவே எடுத்துக்கிடணும்னு அந்தப் பாஸ மாத்தியிருந்தோம், அதுவும் நியாயமான மாத்தந்தான். அது ஐ3-ய ஒழிச்சி ஐ2-வ நிறுத்துச்சு. நிறுத்தும்போது ரெண்டு வீச்சுல எது இறுக்கமானதோ அதக் கையோட ஐ2-க்கு மாத்திட்டு, ஏன்னா ஒரு சாதாரண காப்பில ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதச் சேத்துக்கிட்டா அது நல்லதுதான, ஒரே மதிப்பப் பத்தி ரெண்டு உண்மை தெரிஞ்சா ரெண்டும் உண்மைதான. ஆனா ஐ3-யப் பத்தின உண்மை அந்தக் கிளைக்குள்ள நின்னாத்தான் உண்மை. சுலோசனா முதலியார் பாலத்துக்குக் கீழ நின்னு ஆத்துல தண்ணி முட்டளவுதான்னு ஒருத்தர் சொன்னா அங்கன அது நெசந்தான், அதையே தாமிரபரணி முழுசுக்கும் எழுதி வெச்சிட்டு பாபநாசத்துல கல்யாண தீர்த்தத்துல எறங்குனா என்ன ஆவும்? மதிப்பு ஒண்ணா இருக்கதால மட்டும் அதப் பத்தின உண்மையும் எல்லா எடத்துக்கும் ஒண்ணாயிராது.

பெறவு என்ன, ஐ2 எப்பவும் நீளத்த விடச் சின்னதுன்னு ஆயிட்டு, லூப்ப நிறுத்துத கேள்வியே 'ஐ2 < நீளம்'தான், அது எப்பவும் நெசம்னு மடங்கிட்டு. எல்லைச் செக்கையும் அந்தக் கேள்விய நம்பித்தான எடுத்தோம், இப்ப அந்தக் கேள்வியும் போச்சு. ரெண்டு காவல்ல ஒண்ணு இன்னொண்ணக் காட்டி வெளிய போச்சு, பெறவு அந்த இன்னொண்ணும் போயிட்டு.

இது ஏன் எங்க டெஸ்ட்ல இத்தன நாளா சிக்கலன்னா, எங்க மொழில ஃபார் லூப்புல எண்ணுததுக்குன்னு கம்பைலரே ஒளிவா ஒரு கவுன்ட்டர் வெச்சிக்கிடும், லூப்ப நிறுத்துதது அதுதான், நாம எழுதுத ஐ அதோட வெறும் நகல். அதனால ஐ-யப் பத்தின உண்மை எங்க பரவுனாலும் நிறுத்துத கேள்விக்கு ஒண்ணும் ஆவாது. இல்லாததத் தேடுத டெஸ்ட்டெல்லாம் ஃபார்ல எழுதுனதா இருந்துச்சு, இந்தப் பொண்ணு ஐ-ய லூப்புக்கு வெளியயும் பயன்படுத்துத மாதிரி ஒயில்ல (while, கண்டிஷன் நெசமா இருக்க வரைக்கும் சுத்துத லூப்பு) எழுதுனா.

பெரிய கம்பைலர் கதை ஒண்ணும் இங்க சொல்லணும், ஏன்னா வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். 2013-ல ஜிசிசிங்கற சி கம்பைலரோட 4.8 வெர்ஷன் வந்தப்ப, வேகம் அளக்குத ஸ்பெக் 2006 பெஞ்ச்மார்க்ல இருக்க எச்264ரெஃப்ங்கற புரோகிராம் முடிவே இல்லாம சுத்த ஆரம்பிச்சிட்டு. அதுல 16 எலிமென்ட் இருக்க ஒரு அரே, லூப்போட கடைசிச் சுத்துல கே-ய 16-ஆ கூட்டிட்டு அந்த 16-ஆம் எடத்தப் படிச்சிட்டு, அதுக்குப் பெறவுதான் 'கே < 16'-ஆன்னு கேக்கும். படிச்சது எதுக்கும் பயன்படல, ஆனா இல்லாத எடத்தப் படிக்கக் கூடாதுங்கறது சி-யோட விதி, அதனால கம்பைலர் என்ன நெனச்சிதுன்னா, இந்த ஆளு விதிய மீற மாட்டான், அப்ப கே ஒரு நாளும் 16 ஆவாது, அப்ப 'கே < 16' எப்பவும் நெசம், தூக்கிப் போடு. ஜிசிசிகாரங்க அந்த வெளியீட்டுக் குறிப்புலயே இந்தப் பேரச் சொல்லி எச்சரிக்கையும் எழுதி, இத அணைக்க ஒரு ஆப்ஷனும் குடுத்தாங்க. அங்க நடந்ததும் எங்களுக்கு நடந்ததும் ஒரே மாதிரி மடங்கல்தான், ஆனா பொறுப்பு வேற. சி-ல எல்லையப் பாத்துக்கிடுதது எழுதுனவங்க பொறுப்பு, அவங்க தவறுனா கம்பைலர் எத வேணும்னாலும் நம்பலாம். எங்க மொழில எல்லையப் பாத்துக்கிடுதேன்னு கம்பைலர் வாக்குக் குடுத்திருக்கு, அதனால 'புரோகிராம மாத்தி எழுது'ன்னு அந்தப் பொண்ணுட்ட சொல்ல எங்களுக்கு உரிமையே கெடையாது.

சரிபண்ணுததுக்கு எளிசான வழி ஒண்ணு இருந்துச்சு, காப்பி நீக்குத பாஸ்ல பை நோடத் தொடாதன்னு ஒரு வரி. கூட்டாளி அதத்தான் சொன்னான், எனக்கு அது பிடிக்கல. பேரு ரெண்டா இருக்கவரைக்கும் பத்திரம், ஆனா அதே மாதிரி மதிப்பு ஒண்ணா இருக்கதப் பாத்துச் சேத்து வெக்கித பாஸ் இன்னும் இருக்கு, நாளைக்கு இன்னொண்ணு எழுதுவோம், ஒவ்வொண்ணுலயும் போயி 'இதத் தொடாத'ன்னு எழுதிக்கிட்டே இருக்க முடியுமா? பொய்யான தகவல் எங்க பொறக்குதோ அங்க அடைக்கணும். அதனால ரெண்டு பேரச் சேக்கும்போது வீச்சுல இறுக்கமானத எடுக்காம ரெண்டையும் அடக்குத அகலமானத எடுக்கணும்னு மாத்துனோம், ஐ3-யோட 0-ல இருந்து நீளம் கழித்தல் 1, ஐ2-வோட 0-ல இருந்து நீளம், சேத்தா 0-ல இருந்து நீளம். எல்எல்விஎம்லயும் இதே கொள்கைதான், ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன ஒண்ணாக்கும்போது ரெண்டுலயும் பொதுவா இருக்க உத்தரவாதத்த மட்டும் வெச்சிக்கிட்டு மீதிய உதுத்துரும், ஒரு இன்ஸ்ட்ரக்ஷன லூப்புக்கு வெளிய மேல தூக்கும்போது பழைய எடத்த நம்பி இருந்த உத்தரவாதத்தையும் உதுத்துரும். ஒரு தகவலத் தொலைச்சா வேகம்தான் கொஞ்சம் குறையும், பொய்யான தகவல வெச்சிருந்தா பதிலே கெட்டுப்போவும், இதுல எத விடலாம்னு யோசிக்கவே வேண்டாம்.

எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு. அணைப் பட்டியலும் சரியா வந்துச்சு, நெறையாத வருஷத்துக்கு நெறையலன்னே வந்துச்சு. ஆனா எனக்கு மனசு ஆறல, ஏன்னா எல்லைச் செக்க ஏற்கனவே எடுத்துட்டோம்லா, அத எடுத்ததுக்குக் காரணம் ஐ3-ங்கற பேரு, அந்தப் பேரு இப்ப இல்ல. மட்டம்[ஐ2]-ன்னு படிக்குத இன்ஸ்ட்ரக்ஷன் எந்தக் கேள்விய நம்பி நிக்குதுன்னு அதுல எங்கயும் எழுதல. அதப் படிக்கித வேற ஒரு பாஸுக்கு, இது செக்கு இல்லாத பத்திரமான படிப்பு, எங்க வேணும்னாலும் நகத்தலாம்னுதான் தோணும்.

அதனால ஒரு புது டெஸ்ட் எழுதுனோம், அரே பத்தின வேலை பாக்குத எல்லாருக்கும் இத நான் சிபாரிசு பண்ணுதேன். மெமரில அடுத்தடுத்து ரெண்டு பேஜ் (மெமரியப் பிரிச்சிக் குடுக்குத துண்டு) வாங்கு, ஒண்ணு 4096 பைட். ரெண்டாவது பேஜ யாரும் தொட முடியாதபடி எம்புரொடெக்ட் போட்டு அடைச்சிரு. பெறவு அரேயோட கடைசி எலிமென்ட் மொதப் பேஜோட கடைசி பைட்ல போயி முடியுத மாதிரி வெய்யி. இப்ப லூப்பு ஒரே ஒரு எலிமென்ட் தாண்டிப் படிச்சாலும் அந்த நிமிஷமே விழுந்துரும், பக்கத்து அரே காப்பாத்துத கதையே நடக்காது. நீளம் 0, நீளம் 1, நீளம் 2, பெறவு பெருசு, எல்லாத்துலயும் இல்லாததத் தேடு.

விழுந்துச்சு. மெமரிப் படிப்ப முடிஞ்ச அளவு முன்னாடியே ஆரம்பிக்க வெக்கித ஷெட்யூலிங் பாஸ் ஒண்ணு இருக்கு, மெமரில இருந்து வார வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு. அது மட்டம்[ஐ2]-வ 'ஐ2 < நீளம்'ங்கற கேள்விக்கு முன்னாடி நகத்தியிருக்கு. கடைசிச் சுத்துல நீளத்தாவது எடத்தப் படிச்சிட்டு, பெறவு கேள்வி கேட்டு, லூப்பு முடிஞ்சிட்டுன்னு அந்தப் படிச்சதத் தூக்கிப் போட்டுருது. பதில் எப்பவும் சரியாத்தான் வரும், அரே போயி பேஜோட ஓரத்துல முடிஞ்சா மட்டும் புரோகிராம் செத்துரும். சிந்திச்சுப் பாருங்க, எப்பயாவது ஒரு நாள், ஏதோ ஒரு ஆளோட மெஷின்ல, காரணமே இல்லாம விழுந்திருக்கும், நாங்க அதத் திரும்ப வர வெக்கக்கூட முடியாமத் தவிச்சிருப்போம்.

இதுக்குச் சரியான வழி, செக்க எடுக்கும்போதே அந்தப் படிப்போட கைல ஒரு சீட்டக் குடுத்து அனுப்புதது. 'நான் இந்தக் கேள்வியோட ஆமாங்கற பக்கத்த நம்பி நிக்கேன்'னு அந்த இன்ஸ்ட்ரக்ஷனுக்கு இன்னொரு ஆப்பரண்டாவே (அது வேலை பாக்க வேண்டிய உள்ளீடு) அத வெச்சிட்டோம். எந்தப் பாஸும் அதுக்கு மேல அத நகத்த முடியாது, ஏன்னா ஆப்பரண்ட் பொறக்குததுக்கு முன்னாடி அதப் பயன்படுத்துத இன்ஸ்ட்ரக்ஷன் வர முடியாதுங்கறது எஸ்எஸ்ஏ-வோட அடிப்படை விதி, அத எல்லாப் பாஸும் ஏற்கனவே மதிக்கி. அதுதான் எனக்கு ரொம்பத் திருப்தியா இருக்க விஷயம், புதுசா ஒரு விதி எழுதி எல்லாரையும் ஞாபகம் வெச்சிக்கிடச் சொல்லல, இருக்க விதியே காவல் காக்குத மாதிரி ஆக்கிட்டோம். ஜாவாவோட ஹாட்ஸ்பாட்ல இருக்க சி2 கம்பைலரும் இப்படித்தான், வீச்சு சுருங்குன எடத்துல ஒரு காஸ்ட் நோடு வெச்சி அதக் கன்ட்ரோலோட கட்டிப் போட்டுரும். சீட்டு மெஷின் கோடா மாறும்போது காணாமப் போயிரும், ஒரு ரிஜிஸ்டரும் அதுக்கு வேண்டாம்.

அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, "அண்ணே, இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்குன்னு எப்படித் தெரியும்?" அதுக்கு நேர்மையான பதில் டெஸ்ட்ட மட்டும் வெச்சித் தெரியாதுங்கறதுதான். 2011-ல யூட்டா பல்கலைக்கழகத்துல ரெகரும் கூட இருந்தவங்களும் சிஸ்மித்னு ஒண்ணு செஞ்சாங்க, அது கண்டபடி சி புரோகிராம் எழுதித் தள்ளும், அதப் பல கம்பைலர்ல பல லெவல்ல ஓட்டிப் பதில் ஒத்துப் போவுதான்னு பாப்பாங்க, அதுல 325-க்கு மேல பக் சிக்குச்சு, ஜிசிசி, எல்எல்விஎம் ரெண்டுலயும். செரிதான்னு நிரூபிச்சே எழுதுன காம்ப்செர்ட்டுங்கற கம்பைலரோட நிரூபிச்ச பகுதில மட்டும் அந்த மாதிரி தப்பான கோடு எதுவும் அவங்களுக்குச் சிக்கல. பெறவு 2021-ல அலைவ்2-ன்னு வந்துச்சு, எல்எல்விஎம்ல ஒரு பாஸுக்கு முன்னாடி இருந்த கோடையும் பின்னாடி இருக்க கோடையும் எடுத்து, ரெண்டும் எல்லா இன்புட்டுக்கும் ஒத்துப்போவுதான்னு எஸ்எம்டி சால்வர்ட்ட (தர்க்கக் கணக்கத் தீக்குத புரோகிராம்) கேட்டுச் சொல்லும். எங்களுக்கு அவ்வளவு பெருசா வேண்டாம்னு, சிஸ்மித் வழில எங்க மொழிக்குத் தேடுத லூப்பா மட்டும் கண்டபடி எழுதித் தள்ளுத சின்ன ஜெனரேட்டர அவளையே எழுதச் சொன்னேன், ஒயில், ஃபார், நடுவுல பிரேக், ஐ-ய வெளிய பயன்படுத்துதது, பயன்படுத்தாதது, கடைசில இருந்து பின்னாடி தேடுதது, எல்லாம் கலந்து. பாதிக்குப் பாதி இல்லாததத்தான் தேடணும்னு மட்டும் கண்டிஷன் போட்டேன். அது அடைச்ச பேஜுக்குப் பக்கத்துல அரேய வெச்சி ஓ0, ஓ2 ரெண்டுலயும் ஓட்டி ஒப்பிடுது, இப்ப ஒவ்வொரு மாத்தத்துக்கும் ராத்திரி ஓடுது. ரொம்ப நல்லா எழுதியிருக்கா, பின்னாடில இருந்து தேடும்போது ஐ 0-க்குக் கீழ போறதையும் அவளே யோசிச்சுச் சேத்திருக்கா.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தேடுத லூப்ப வெக்டர் ஆக்கணும், ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல நாலு எலிமென்ட் ஒப்பிட்டா வேகம் நல்லா ஏறும். நடுவுல வெளியேறுத லூப்ப வெக்டர் ஆக்குதது லேசுப்பட்ட வேலை இல்ல, ஜிசிசிக்கே 2024-ல வந்த 14-ஆம் வெர்ஷன்லதான் வந்துச்சு. ஏன்னா நாலு நாலாப் படிச்சா, தேடுனது மொதல்லயே இருந்தாலும் பின்னாடி இருக்க மூணையும் சேத்துப் படிச்சிருப்போம், அதுல ஒண்ணு ரெண்டு அரேக்கு வெளிய இருக்கலாம். படிக்கித அட்ரஸ 32 பைட்டுக்கு அலைன் பண்ணிட்டா (32-ஓட மடங்கா வெச்சிட்டா) 4096 அதால மிச்சமில்லாம வகுபடுததால ஒரு படிப்பு ரெண்டு பேஜ மிதிக்கவே மிதிக்காது, மொத எலிமென்ட் அரேக்குள்ள இருந்தாப் போதும், மீதியும் அதே பேஜ்லதான் இருக்கும், விழாது. ஆனா படிச்சதுல வெளிய இருக்கத மாஸ்க் போட்டு மறைச்சிட்டுத்தான் ஒப்பிடணும், இல்லன்னா பக்கத்து அரேயோட நீளம் மறுபடி அணைய நெறைச்சிரும். அப்ப அந்தச் சீட்டுல 'ஆமாங்கற பக்கம்'னு எழுதுனாப் போதாது, எத்தன எலிமென்ட்டுக்கு உத்தரவாதம், எத்தன பைட்டுக்கு அலைன்மென்ட்னு ரெண்டையும் எழுதணும். கூட்டாளி அதுக்கு ஒரு வரைவு அனுப்பியிருக்கான், அதுல மாஸ்க்க எந்தப் பாஸ் போடணும்ங்கறதுல மட்டும் எங்களுக்குள்ள இன்னும் பேச்சு முடியல.